உவர்நிலம் காணாத உவர்நிலத்துப் பிள்ளைகள்

ஏற்காட்டு மலையில் ஒண்டிக்கடைச் சந்திப்பில் விடுமுறை நாட்களில் வந்து நிற்கும் பள்ளிப் பேருந்துகளை எண்ணி மாளாது. பேருந்தின் நெற்றியில் பள்ளியின் பெயரும், அதற்குக் கீழே 'கல்விச் சுற்றுலா' என்னும் துணிப் பதாகையும் கட்டப்பட்டிருக்கும். இறங்கும் பிள்ளைகள் ஏரியில் படகு விடுவர். அண்ணா பூங்காவில் படம் எடுத்துக்கொள்வர். மிளகாய் பஜ்ஜி தின்பர். பகோடா முனைக்கும் சேர்வராயன் குன்றுக்கும் ஒரு சுற்றுப் போய்வருவர். பொழுது சாயுமுன் இருபது கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிவிடுவர். இதில் சுற்றுலா உண்டு. கல்வி எங்கே என்று கேட்பாரில்லை.

பிள்ளைகள் மகிழ்வதில் எமக்கு யாதொரு வருத்தமுமில்லை. எம் வழக்கு வேறு. இப்பேருந்துகளுள் சில நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளுடையவை. அவற்றுள்ளும் சில கீழைக் கடற்கரை ஊர்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவருபவை. அப்படி வந்த மாணவன் ஒருவனிடம், தொப்பியைக் கண்டு ஸலாம் சொல்லி, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னான். அவ்வூருக்குப் பின்புறம் நடந்துபோகும் தூரத்தில் உப்பங்கழியும் அலையாத்திக் காடும் விரிந்து கிடப்பதை அறிவேன் ஆதலின், "காட்டுக்குள் போயிருக்கிறாயா?" என்றேன். "அது சும்மா சேறுங்க ஹஜ்ரத். பாம்பு இருக்கும். வாப்பா போக விடமாட்டாங்க" என்றான். அலையாத்திக் காடு என்றால் என்ன என்று கேட்டதற்கோ, பாடநூலில் உள்ள இலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். இலக்கணம் அவன் நாவில் இருந்தது. இலக்கணத்திற்கு உரிய பொருள் அவன் வீட்டுக் கொல்லைக்கு அப்பால் கிடந்தது. இரண்டும் ஒன்றென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அவனைக் குறை கூறுவதற்கில்லை. அவனுக்குப் பாடம் சொல்லும் பள்ளிகளும், அப்பள்ளிகளை நடத்தும் நிருவாகிகளும், அவனை மாலையில் ஓதவைக்கும் எம்போன்ற ஆலிம்களும் பதில் சொல்ல வேண்டிய வழக்கு இது.

எங்கள் தரப்பிலிருந்தே தொடங்குகிறேன். மதரஸாவில் தஹாரத் பாடம் ஓதாத மாணவர் இல்லை. அபூ ஷுஜாஉ அவர்களின் மத்னு, தூய்மை செய்யத் தகும் நீர் ஏழு என்று தொடங்குகிறது. வானத்து நீர், கடல் நீர், ஆற்று நீர், கிணற்று நீர், ஊற்று நீர், உறைபனி நீர், ஆலங்கட்டி நீர் என்பன அவை. இவற்றுள் உறைபனியை நம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பிள்ளை தன் வாழ்நாளில் காணப் போவதில்லை. ஆற்று நீரும் கடல் நீரும் ஒன்றோடொன்று கலக்கும் கழிமுகத்தையோ தன் ஊரிலேயே காணலாம். ஆனால் இரண்டையும் ஒரே பாயிலமர்ந்து ஒரே இராகத்தில் மனனம் செய்கிறான். அடுத்து, நீர் மாறுபடுவதைப் பற்றிய பாடம். நீரில் விளைந்த உப்பால் நீர் மாறினால் அதன் தூய்மையாக்கும் தன்மை கெடாது. மலையில் வெட்டியெடுத்த உப்பை இட்டு மாற்றினால் கெடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று. உப்பளத்துப் பாத்தியில் கடல் நீர் படிப்படியாக வற்றி உப்பாக உறைவதைக் கண்ணால் கண்ட மாணவனுக்கு இச்சட்டத்தின் நியாயம் விளங்க அரை நாழிகை போதும். நீரிலிருந்து பிறந்தது நீருக்கு அந்நியமன்று என்று அவனே சொல்லிவிடுவான். நாமோ அதை உரைநூலின் ஓரக்குறிப்பைக் கொண்டு விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

தயம்மும் பாடத்தில் 'ஸப்கா' என்றொரு சொல் வரும். "ஸப்கா என்றால் உவர்நிலம்" என்று உஸ்தாத் பொருள் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வர், பாடம் நகர்ந்துவிடும். உவர்மண்ணில் புழுதி இருந்தால் தயம்மும் கூடும். மேலே உப்புப் படர்ந்து மூடியிருந்தால் அவ்வுப்பின்மீது கூடாது என்று இமாம்கள் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். நிலத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்கள் இப்படி எழுதியிருக்க முடியுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிஜ்ரத்தின் ஊர் முன்கூட்டிக் காட்டப்பட்டபோது, பேரீச்ச மரங்களையுடைய உவர்நிலமாகவே அது காட்டப்பட்டது என்பது புகாரியில் வரும் செய்தி. அச்செய்தியையே ஆதாரமாகக் கொண்டு, மதீனாவின் மண் உவர்மண்ணாயிருக்க அது தூயதன்று என்று எங்ஙனம் கூறலாகும் என வாதிட்டார் இமாம் இப்னு குஸைமா. ஆக, நம் தீனுக்குத் தஞ்சமளித்த ஊரே ஸப்கா. இன்று நிலவியல் அறிஞர்கள் உலகெங்கும் பாலைக் கடற்கரையின் உவர்த்தரைகளை அந்த அறபுச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். சொல் உலகம் சுற்றி வந்துவிட்டது. நம் மாணவன் தெருமுனை தாண்டவில்லை.

நம் முன்னோர் கல்வியைச் சுவருக்குள் அடைத்தவர்கள் அல்லர். இலக்கண மேதை கலீலிடம், இவ்வளவு மொழியறிவும் எங்கிருந்து பெற்றீர் என்று கிஸாயீ வினவ, ஹிஜாஸ், நஜ்து, திஹாமாப் பாலைகளிலிருந்து என்று அவர் விடையளித்தார் என்பர். கிஸாயீ உடனே புறப்பட்டுப்போய்ப் பதினைந்து மைக்குப்பிகள் தீருமட்டும் நாட்டுப்புற மக்களிடம் கேட்டு எழுதினாராம். அஸ்மஈ ஒட்டகத்திற்கென்றும் குதிரைக்கென்றும் செடிகொடிகளுக்கென்றும் தனித்தனி நூல் செய்தார். 895-இல் மறைந்த அபூ ஹனீஃபா தீனவரீ தாவரங்களைப் பற்றிப் பன்மடலங்களில் எழுதினார். உப்பு நிலத்தில் முளைத்து ஒட்டகம் விரும்பித் தின்னும் உவர்ச்செடிகளுக்கு அறபியர் 'ஹம்ளு' என்று தனிப் பெயரே வைத்திருந்தனர். அதே இயல்புடைய செடி நம் கடற்கரையில் உமரி என்ற பெயரோடு நிற்கிறது. ஏழை வீடுகளில் அதைக் கீரையாகச் சமைத்ததும் உண்டு. 'ஹம்ளு' என்ற சொல்லுக்கு அகராதி புரட்டும் மாணவனிடம் ஓர் உமரிக் கிளையைக் கிள்ளி வாயிலிடச் சொன்னால் அகராதிக்கு வேலையில்லை. தமிழ்ப் பக்கம் பார்த்தாலும் இதுவே. உமறுப்புலவர் சீறாவில் அறபு நாட்டைப் பாடவந்தபோது அதைத் தமிழ்த் திணைகளின் வளத்தோடு பாடினார். கண்ட நிலத்தைக்கொண்டு காணாத நிலத்தைப் பாடியவர் அவர். நம் பிள்ளைகள் இரண்டு நிலத்தையும் காணாதவர்களாக வளர்கிறார்கள்.

சரி, அந்தச் சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்களாயின், முத்துப்பேட்டைக் காயலையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அங்கேதான் உள்ளது. பாமனியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக் கோரையாறு என்று காவிரிப் பாசனத்தின் கடைசி நீரெல்லாம் வந்து சேருமிடம் அது. முதற் கேள்வியை ஆற்றின் பெயரிலிருந்தே தொடங்கலாம். மரைக்கா என்ற ஒலி அப்பெயருக்குள் எப்படி வந்தது? மாணவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டனார்களைக் கேட்டு வரட்டும். படகில் ஏறியதும் அலையாத்தி மரத்தின் இலையைப் பறித்து அடிப்புறத்தை நாவால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம்; உப்புக் கரிக்கும். வேரால் உறிஞ்சிய உவர்நீரிலிருந்து மிகையான உப்பை இலைவழியே வெளியேற்றும் மரம் அது. சேற்றில் காற்றில்லாமையால், மூச்சுவிடுவதற்கென்று பென்சில் நட்டதுபோல் வேர்களை மேல்நோக்கி அனுப்பியிருக்கும். தில்லை மரத்தை மட்டும் தொடவிடக் கூடாது; அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் இம்மரத்தால் வந்ததே என்பதையும், பிச்சாவரத்துக் கழியில் அது இன்றும் நிற்பதையும் அவ்விடத்திலேயே சொல்லிவிடலாம்.

மரத்தோடு நிறுத்தினால் பாதிப் பாடம்தான். காட்டினுள்ளே மொட்டையாக வெளுத்துக் கிடக்கும் திட்டுகள் ஏன் வந்தன? ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-களின் முற்பகுதி வரை இக்காடுகளைப் பகுதி பகுதியாக, ஒரு பகுதியில் ஒரு மரமும் விடாமல் வெட்டிவந்தனர். வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது; ஈரம் வற்றி மண் அமுங்கித் தட்டுப்போல் குழிந்தது; ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் இறங்க வழியின்றித் தேங்கிக் காய்ந்தது; உப்பு ஏறி ஏறி, உவர்நிலத்து மரமே முளைக்க இயலாத உவராயிற்று. விறகு பொறுக்குகிறவனும் மாடு மேய்க்கிறவனும் காட்டை அழித்தான் என்று நெடுநாள் பழி சொல்லிவந்தார்கள். காட்டை நடத்திய முறையே முதற்காரணம் என்பது பிறகு தெரிந்தது. 1990-களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள்போல் நடுவே பெரியதும் பக்கங்களில் சிறியதுமாக வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே வந்துபோக விட்டபின் மரம் பிழைத்தது. ஏழைமீது பழிபோடுவது எவ்வளவு எளிது, உண்மையைக் காண எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க எந்த வகுப்பறையால் ஆகும்?

உப்பின் வரலாறு வேறு இருக்கிறது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனியார் தம் ஏகபோகமாக்கிக்கொண்டனர். கடல் கொடுப்பதை அள்ளியவன் குற்றவாளியானான். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து, வேதாரணியத்தை அடைந்து, மாத இறுதியில் உப்பள்ளிச் சிறைபுகுந்த கதை நம் மாணவர்க்கு ஒரு மதிப்பெண் வினா. அவ்வுப்புப் பரப்போ முத்துப்பேட்டைக்குக் கிழக்கே சில மணி நேரத்தில் போய்த் திரும்பும் தொலைவில் இருக்கிறது, அதையடுத்துக் கோடியக்கரை, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் சதுப்பு. பின்னர் 1990-களில் இக்கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் வந்தன. நெல்வயல் உவர்த்தது, குடிநீர் கெட்டது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அத்தகைய பண்ணைகள் கூடா என்று தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த சட்டம் அத்தீர்ப்பைத் தளர்த்திற்று. பிள்ளைகள் இரண்டையும் அறியட்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது அலையாத்தி மரங்கள் பெரும்பரப்பில் முறிந்தும் இலையுதிர்ந்தும் கருகின. அப்புயலை நேரில் கண்ட பிள்ளைகளே இன்று நம் மேல்நிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதிவைக்கும் ஆசிரியர் எத்தனை பேர்?

ஜாம்புவானோடை தர்காவுக்குக் கந்தூரி நாளில் போகாத குடும்பம் அப்பகுதியில் அரிது. ஹக்கீம் ஷெய்கு தாவூது காமில் வலியுல்லாஹ் அடங்கிய அவ்விடம் காயலுக்கு மிக அருகே இருக்கிறது. ஸியாரத் முடிந்ததும் வாகனம் ஏறித் திரும்பிவிடுகிறோம். நீர்வழிகள் இவ்வளவு பின்னிக் கிடக்கும் ஓரத்தில் அவர்கள் ஏன் தங்கினார்கள், மருத்துவராகிய அவர்கள் எம்மூலிகைகளைக் கண்டிருப்பார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றுவதில்லை.

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் மலைக்கு வராதே என்கிறீரா?" என்பர் சிலர். இல்லை. வந்தால் மலையைப் படித்துச் செல்லுங்கள் என்கிறேன். ஒண்டிக்கடை என்ற பெயரே ஒரு பாடம். ஒற்றையாக நின்ற ஒரு கடையைக்கொண்டு இடத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மலையில் விளையாத பண்டங்களுள் தலையானது உப்பு. பண்டைக் காலத்தில் உமணர் வண்டி கட்டி நெய்தலின் உப்பைக் குறிஞ்சிக்கு ஏற்றிய நாட்டில், மலைக்கடை ஒன்றைக் கண்டால் உவர்நிலத்துப் பிள்ளைக்குத் தன் ஊர் நினைவு வர வேண்டாமா? காப்பிச் செடி இம்மலைக்கு உரியதன்று; 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொணர்ந்தது. காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதற்குமுன் இம்மலையை உழுதவர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. பேருந்துப் பிள்ளைகள் அவர்களிடம் பலாப்பழம் வாங்குகிறார்கள், பெயர் கேட்பதில்லை. பாக்ஸைட்டுக்காகக் குன்றுகளின் தலையைச் சீவி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்றிய தடங்களும் இங்குண்டு.

மலைக்கும் கழிக்கும் உப்பு மட்டுமே உறவன்று. இம்மலையில் பெய்யும் மழையின் ஒரு பங்கு திருமணிமுத்தாறாக இறங்குகிறது. சேலம் நகரின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டு காவிரியில் சேர்கிறது. காவிரி கல்லணையில் பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிந்து, பாமனியும் கோரையாறுமாக முத்துப்பேட்டைக் காயலில் போய் விழுகிறது. ஏரியில் படகு விடும் பிள்ளையிடம், "மகனே, இம்மலைத் தண்ணீரில் கொஞ்சம் உன் வீட்டுக்குத்தான் போகிறது" என்று ஓர் ஆசிரியர் சொல்லிக் கேட்டதில்லை. மேலே காடு குறைந்து, நடுவே அணைகள் மிகுந்து, கீழே நன்னீர் வரத்து சுருங்கினால் காயலின் உவர்ப்பு ஏறும், இறாலும் மீனும் குறையும் என்பது இவ்வொரே பயணத்தில் விளங்கிவிடக்கூடிய செய்தி. திருமறையின் ஃபுர்கான் அத்தியாயம் இனிய நீரையும் உவர்நீரையும் அவற்றிடையே உள்ள திரையையும் சிந்திக்கச் சொல்கிறது. ஙாஷியா அத்தியாயம் மலையையும் பூமியையும் பார்க்கச் சொல்கிறது. பார்க்கச் சொல்லும் வசனங்களை நாம் அழகாக ஓதுவதோடு அமைகிறோம்.

தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை என்று சொல்லும் நிருவாகிகளுக்கு நெடிய பதில் வேண்டியதில்லை. ஏற்காட்டுக்கு இரண்டு பகலும் இரண்டு இரவும் கிடைத்தன. காயலுக்கு ஒரு முற்பகல் போதும். ஆபத்து என்பர். ஆபத்து உண்டுதான், வனத்துறையின் அனுமதி பெற்று, அவ்வூர் மீனவர் படகில், ஏற்ற இறக்கம் அறிந்த ஒருவரை உடன்வைத்துப் போக வேண்டும். அந்த மீனவரையே அன்று ஆசிரியராக ஏற்றுக்கொள்வதில்தான் நம்மவர்க்குக் கூச்சம். பட்டம் பெற்ற ஆசிரியர் கைகட்டி நிற்க, சேற்றுக்காலோடு ஒருவர் பாடம் சொல்வதா என்னும் பெருமை அது. கிஸாயீ மைக்குப்பியோடு யாரிடம் போய் உட்கார்ந்தார் என்பதை அத்தகையோர் மீண்டும் படிக்கட்டும்.

பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்ற கேள்விதான் எப்போதும் கடைசியில் வரும். இரவுப் பேருந்தில் மலைக்கு அனுப்பும்போது எழாத ஐயம், பகலில் ஊர்ப் புறத்துக்கு ஆசிரியைகளோடும் தாய்மார்களோடும் போகும்போது எழுவது விந்தை. உப்பளங்களில் வெயிலில் நின்று உப்பு வாருபவருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வாரிய உப்பில் சமைத்து உண்ணும் வீட்டுப் பெண், அவ்வுப்பளத்தைப் பார்ப்பதால் எந்த மானம் குறையும்? சொல்லப்போனால், வீட்டில் பிள்ளை வளர்க்கப்போகிற அவளே முதலில் பார்க்க வேண்டியவள்.

இது உலகக் கல்வி, தீன் கல்வியன்று என்று என் தரப்பு ஆலிம்களே சிலர் முணுமுணுப்பர். ஸப்காவும் கடல்நீரும் உப்பும் இருப்பது தஹாரத் பாடத்தில். தஹாரத் தீனில் சேர்ந்ததா இல்லையா என்பதை அவர்களே முதலில் தீர்த்துக்கொள்ளட்டும். மேனாட்டான் செய்வதைப் பார்த்துச் சொல்வதாகவும் சிலர் நினைக்கலாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் ஆலிவர் 1910 முதலே தம் மாணவரை நார்ஃபோக்குக் கடற்கரையின் பிளேக்கனி முனைக்கு அழைத்துச் சென்று, உவர்ச்சதுப்பின் செடிகளை அளந்து எழுதவைத்தார் என்பது உண்மையே. அவருக்கு நூற்றாண்டுகள் முன்பே தீனவரீ செடியைப் பார்த்து எழுதிவிட்டார். வழி நம்முடையது, நடப்பவர் பிறர்.

இன்னொரு சாராரையும் விட்டுவைப்பதற்கில்லை. பறவைகளின் பெயரையெல்லாம் நுனிநாவில் வைத்துக்கொண்டு, அக்கழியிலேயே பிழைக்கும் மனிதரைக் கண்ணெடுத்தும் பாராத புதிய இயற்கை ஆர்வலர் சிலர் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சதுப்பில் மனிதன் எப்போதும் கெடுப்பவனாகவே வருகிறான். வெட்டியதும் மனிதன், வாய்க்கால் வெட்டிப் பிழைக்கவைத்ததும் மனிதன். கப்பலோட்டியவன், உப்பு வாரியவன், சிறை சென்றவன், வழக்காடியவன் எல்லாரும் நின்ற நிலம் அது. அவ்வரலாற்றை நீக்கிவிட்டுப் பூநாரையை மட்டும் காட்டுவது மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்வதற்கு நிகர்.

சதுப்பைத் தரிசு என்று நினைத்து வளர்ந்த தலைமுறை என்ன செய்யும் என்பதற்குச் சென்னைப் பள்ளிக்கரணையே சாட்சி. குப்பை கொட்டினர், மேடாக்கிக் கட்டடம் கட்டினர். 2015-இல் வெள்ளம் சூழ்ந்தபோது நீர் தன் பழைய இடத்தைக் கேட்டது. 2022-இல் அதையும் பிச்சாவரத்தையும் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. பட்டியலில் ஏறிய பெயர் ஊர்ப்பிள்ளையின் நெஞ்சில் ஏறவில்லையானால், நாளை ஊராட்சியில் அமர்ந்து புறம்போக்கு நிலத்துக்குக் கையெழுத்திடப்போகிறவனும் அப்பிள்ளையே.

அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் பள்ளியும் மதரஸாவும் நடத்துவோர் வரும் அரையாண்டு விடுமுறைக்கு மலைப்பேருந்து பேசுமுன் ஒரு கணக்குப் போடட்டும். பேருந்துக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு படகுகளுக்குப் போதுமா போதாதா? மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறை, காயல் மிகவும் உவர்த்திருக்கும் சித்திரையில் ஒரு முறை, அதே மாணவரை அதே இடத்துக்கு அழைத்துச் சென்று, நாவால் நீரைச் சுவைத்து வேறுபாட்டை எழுதச் சொல்லட்டும். மதரஸா மாணவர் தயம்மும் பாடத்தை அங்கேயே, உவர்மண்ணின்மீது நின்று ஓதட்டும். இதனால் தீனுக்கோ தேர்வுக்கோ கேடு விளையும் என்று கருதுவோர் இவ்வேட்டிலேயே மறுத்தெழுதலாம். எழுதுமுன் ஒருமுறை கழிக்கரைக்குப் போய்வந்து எழுதுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.